இன்னொரு பக்கமும் இருக்குது

என் அக்கா புருஷனை எனக்குப் புடிக்காது. போயி ரெண்டு வருஷம் ஆவுது, தெவசமும் குடுத்தாச்சி, இன்னும் புடிக்கல. தெருவுல கேட்டுப் பாருங்க, எல்லாருக்கும் அவரைப் புடிக்கும். "தங்கமான மனுஷன்மா, அந்தக் குடி ஒண்ணு மட்டும் இல்லாம இருந்திருந்தா" அப்படிம்பாங்க. எனக்கு அவர் குடியைக் கூட தாங்கிக்க முடிஞ்சிது. அந்தத் தங்கத்தைத்தான் தாங்க முடியல.

குடிக்கிற ஆம்பளைங்க பிள்ளையார்பாளையத்துல இல்லாமலா இருக்காங்க? குடிச்சிட்டு அடிக்கிறவன் இருக்கான், அண்டாவைத் தூக்கி வீசறவன் இருக்கான், வாசல்ல படுத்துக்கினு ஊரையே ஏசறவன் இருக்கான். அவனுங்களை நல்லா நாலு வார்த்தை கேக்கலாம். கேட்டா நமக்கும் மனசு ஆறும். இவரைக் கேக்கவே முடியாது. நாம வாயைத் தொறக்கறதுக்குள்ள, நாம இன்னா சொல்ல வந்தோமோ அதை அவரே சொல்லிடுவாரு. நம்மளை விட நல்லாவும் சொல்லுவாரு. "குடிக்கறது தப்புதாம்மா. இப்ப நீ கோவப்படறே பாரு, அது நூத்துக்கு நூறு நியாயம்." அப்புறம் ஒரு மூச்சு விட்டுட்டு, "ஆனா பொறுமா, இன்னொரு பக்கமும் இருக்குது" அப்படிம்பாரு.

இதான் அவரு பேச்சு. இந்த ஒரு வார்த்தையில என் அக்காவோட இருபத்தாறு வருஷம் போச்சி.

எதுக்கும் ரெண்டு பக்கம் பார்ப்பாரு. டீயா காபியான்னு கேட்டா கூட சட்டுனு பதில் வராது. டீ குடிச்சா சுறுசுறுப்பா இருக்கும், ஆனா பித்தம். காபி வாசனையா இருக்கும், ஆனா தறியில உக்காந்தா நெஞ்செரியும். அவரு சொல்லி முடிக்கறதுக்குள்ள பால் பொங்கி அடுப்பை அணைச்சிடும். "உங்களுக்கு வெந்நிதான் மாமா லாயக்கு"ன்னு நான் வச்சிட்டு வந்திருக்கேன். அதையும் சிரிச்சிக்கினே குடிச்சாரு.

எங்க தெருவுல ஒருத்தர் வீட்டுலயே பட்டுக்கு சாயம் போடுவாரு. அந்தத் தண்ணி பக்கத்து வீட்டு வாசல் வழியா ஓடும். அந்த வீட்டம்மா போட்ட கோலம் காலையில ஒரு நாள் செவப்பாவும் ஒரு நாள் நீலமாவும் கரைஞ்சி போவும். சண்டை முத்திப் போயி மாமாவைத்தான் கூப்பிட்டாங்க. அவரு ரெண்டு வீட்டுக்கும் நடுவுல நின்னுக்கினு ஒரு மணி நேரம் பேசுனாரு. "சாயம் போடறது அவரு பொழப்பு. அதைத் தப்புன்னு சொல்ல முடியாது. வாசல் உன் வாசல்மா. அதை நனைக்கறது நியாயம்னும் சொல்ல முடியாது." ரெண்டு பேரும் "நியாயமா பேசுனாருப்பா"ன்னு சொல்லிட்டு உள்ள போனாங்க. மறுநாள் காலையில நான் அங்க போறப்ப தண்ணி பச்சையா ஓடிக்கினு இருந்துச்சி. புடவையைத் தூக்கிப் புடிச்சிக்கினு தாண்டிப் போனேன்.

நான் தினமும் அந்த வீட்டுக்குப் போவேன். எங்க வீடு ரெண்டு தெரு தள்ளி. அவரு தறியில கோர்வைப் புடவைதான் போடுவாரு. கோர்வைன்னா உடம்பு ஒரு கலரு, கரை வேற கலரு. குறுக்கு நூல் ஓடற ஒவ்வொரு ஓட்டுக்கும் உடம்பு நூலும் கரை நூலும் கோத்துக்கணும். ஒரு ஆளால முடியாது. ஒரு பக்கம் குறுக்கு நூல் வச்ச நாடாவை அவரு தள்ளுவாரு, அந்தப் பக்கக் கரைக்கு நான் தள்ளணும். அக்கா பின்னாடி இராட்டையில, நாடாவுக்குள்ள போடற நூல் தார் சுத்துவா. ஆக, எனக்குப் புடிக்காத ஒரு மனுஷன் பக்கத்துல, தோள் இடிக்கற தூரத்துல, இருபத்திநாலு வருஷம் உக்காந்து இருந்திருக்கேன். காலையில அவரு மேல அடிக்கற வாசனையை வச்சே நேத்து எவ்ளோ உள்ள போச்சின்னு சொல்லிடுவேன்.

தறிக்குப் பக்கத்துச் சுவத்துலதான் அந்தத் தாளு இருந்துச்சி. கரைக்கு டிசைன் போடற கட்டம் போட்ட தாளு. எங்க வீடுங்கள்ல அதுக்குக் குறைச்சலே கிடையாது. அந்தத் தாள்ல நடுவுல ஒரு கோடு கிழிச்சி, இடது பக்கம் "விட்டா", வலது பக்கம் "விடாட்டா"ன்னு எழுதி, கஞ்சி தடவி சுவத்துல ஒட்டி வச்சிருந்தாரு. குடியை விட்டா இன்னா நல்லது, விடாட்டா இன்னா நல்லது. ஒரு காரணம் தோணுனா ஒரு கட்டம். இந்தப் பக்கம் பச்சைப் பென்சிலு, அந்தப் பக்கம் அரக்குப் பென்சிலு. கட்டத்துக்குப் பக்கத்துல பொடி எழுத்துல காரணம் இருக்கும். வர்றவங்க போறவங்க எல்லாம் அதைப் படிச்சிட்டு சிரிப்பாங்க. "இன்னிக்கு ஸ்கோரு இன்னாண்ணே?"ன்னு கேப்பாங்க.

எனக்கு அது மனப்பாடம். வேற இன்னா பண்றது, நாள் முழுக்க எதிர்க்கவே இருக்குதே. விட்டா: காலையில வாய் நாறாது. விடாட்டா: இடுப்பு வலி தெரியாது. விட்டா: கோயிலுக்குள்ள தலை நிமிந்து போலாம். விடாட்டா: மச்சான் கிட்ட கூட பேச்சு வருது. விட்டா: பசி எடுக்கும். விடாட்டா: பசி தெரியாது. இப்படியே போவும். ஒரு இடத்துல பச்சைக் கட்டத்துக்குப் பக்கத்துல "அவ சிரிப்பா"ன்னு எழுதியிருந்தாரு. அதுக்கு நேரா அரக்குக் கட்டத்துல, "அவ அழறதைத் தாங்கிக்க முடியுது." அக்கா அதைப் படிச்சிட்டு இராட்டைக்குத் திரும்புனா. தார் சுத்திக்கினே இருந்தா.

நான் சொன்னேன். "இவ அழறதே நீங்க குடிக்கறதாலதான் மாமா. அப்புறம் அதைத் தாங்கறதுக்கு வேற குடிக்கணுமா?"

"கரெக்டு"ன்னாரு. உடனே பென்சிலை எடுத்து விட்டா பக்கம் ஒரு பச்சைக் கட்டம் போட்டாரு. "நல்ல பாயிண்டு குடுத்தேமா."

அவரைக் கட்டையால அடிக்கலாம் போல இருந்துச்சி. பச்சைக் கட்டம் எப்பவும் ஒண்ணு ரெண்டு அதிகமாத்தான் இருக்கும். அதிகமா இருந்தும் சாயங்காலம் ஆனா சட்டையை மாட்டிக்கினு கடைக்குப் போயிடுவாரு.

ஜரிகைக் கடை பாய் ஒருத்தர் வருவாரு. எங்களுக்கு ஜரிகை அவருதான் குடுப்பாரு. ஒரு நாள் அந்தத் தாளை முழுசா படிச்சிட்டு, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சிக்கினே, "எங்கள்ல இது ஹராம்பா. அவ்ளோதான். இதுல யோசிக்க இன்னா இருக்குது?"ன்னாரு.

"உங்களுக்கு ஈஸி பாய். ஒரே பக்கம்" அப்படின்னாரு மாமா.

"ஒரே பக்கம்தான்பா. அதனாலதான் ராத்திரி தூக்கம் வருது"ன்னு சொல்லிட்டு பாய் எழுந்து போயிட்டாரு. நான் ஒரு வாரம் அந்த பாயைப் பத்தியே பேசிக்கினு இருந்தேன். மாமா அதைக் கேட்டுட்டு, விட்டா பக்கம் "தூக்கம்"னு ஒரு கட்டம் சேத்தாரு.

அமாவாசையில எங்களுக்குத் தறி லீவு. மாசத்துல அந்த ஒரு நாள் அவருக்கு மதியமே ஆரம்பிச்சிடும். ஒரு ஆடி அமாவாசை. எங்கப்பாவுக்குப் படையல் போட்டு, இலை போட்டு வச்சிக்கினு அக்கா உக்காந்திருக்கா. இவரு வரவே இல்ல. நாலு மணிக்கு நான் போயிப் பாத்தா, சோறு ஆறிப் போயி, அக்கா அதுங்கிட்டயே படுத்திருக்கா. எனக்கு வந்துச்சி பாருங்க கோவம். "கிளம்புடி, நம்ம வீட்டுக்கு. இதுக்கு மேல இங்க நீ இருக்க வேணாம்"னு சொல்லி எழுப்பிட்டேன். அவளும் எழுந்துட்டா. அன்னிக்கு அவ மொகத்துல நிஜமாவே ஒரு முடிவு இருந்துச்சி. அப்பத்தான் மாமா வந்தாரு. கால் தடுமாறுது, ஆனா பேச்சு தெளிவா இருக்குது.

"போறியாமா?"ன்னு அக்காவைக் கேட்டாரு. அவ தலையாட்டுனா.

"நீ போறதுதான் நியாயம். உன் எடத்துல நான் இருந்தா எப்பவோ போயிருப்பேன்." சொல்லிட்டு பீரோவைத் தொறந்து அவ புடவைங்களை எடுத்து, தரையில உக்காந்து, ஒண்ணொண்ணா மடிச்சி பையில வச்சாரு. நெய்யறவன் கை. குடிச்சிருந்தும் ஒரு மடிப்பு கலையல. அவ தைலம், அவ மாத்திரை, அவ தலைகாணி உறை எல்லாம் ஞாபகமா எடுத்து வச்சாரு. "குளிர் காலம் வருது, ஸ்வெட்டரை மறந்துடாத"ன்னாரு. அக்கா பாத்துக்கினே இருந்தா. அப்புறம் மெதுவா உக்காந்து பையில இருந்து ஒவ்வொரு புடவையா எடுத்து வெளிய வச்சா.

"இன்னாடி பண்றே?"ன்னேன்.

"நீ வீட்டுக்குப் போ"ன்னா என் அக்கா.

அடிச்சிருந்தா கூட அவ கிளம்பியிருப்பா. 'போவாத'ன்னு கால்ல விழுந்திருந்தா கூட கிளம்பியிருப்பா. போறது நியாயம்னு சொன்னா எப்படிப் போவா? அவ போவ மாட்டான்னு தெரிஞ்சி பண்ணாரா, தெரியாம பண்ணாரான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல. ரெண்டுமே இருக்கும். அவருதான் எதுலயும் ரெண்டையும் வச்சிருப்பாரே.

இதுக்கு மேல சொல்றதுலதான் நான் வர்றேன்.

என் பொண்ணுக்குக் கல்யாணம் முடிவாச்சி. அக்காவுக்குப் புள்ளைங்க இல்ல. என் பொண்ணு அந்தத் தறிக்குழி பக்கத்துல ஏணை கட்டி வளந்தவ. அவ முகூர்த்தப் புடவை அந்தத் தறியிலதான் வரணும்னு நாங்க மூணு பேரும் எப்பவோ சொல்லி வச்சிருந்தோம். மாம்பழக் கலரு உடம்பு, அரக்குக் கரை. பட்டு வந்தாச்சி, சாயம் ஆச்சி. அந்த நேரம் பாத்து மாமாவுக்குக் கண்ணு மஞ்சளாச்சி, காலு வீங்குச்சி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போனோம். டாக்டரம்மா சின்ன வயசுப் பொண்ணு, மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டா. "இப்ப விட்டா ஈரல் தப்பிக்கும். இல்லன்னா ரெண்டு மூணு வருஷம்தான். ஆனா ஒரேடியா நிறுத்துனா முதல் சில நாள் கை நடுங்கும், கண்ணுக்கு இல்லாததெல்லாம் தெரியும், சில பேருக்கு வலிப்பே வரும். அதுக்குத்தான் இந்த மாத்திரை. பத்து நாள் விடாம போடணும்."

வெளிய வந்ததும் மாமா அந்தத் தாளுக்கு ஒரு கட்டம் யோசிக்க ஆரம்பிச்சாரு. நான் விடல. அடுத்த நாளே ரெண்டு பேரையும் பஸ் ஏத்திக்கினு தாமல் ஏரி தாண்டி ஒரு அம்மன் கோயிலுக்குப் போனேன். அங்க குடியை நிறுத்தறவங்களுக்குக் கையில கயிறு கட்டுவாங்க. கட்டுன கயிறு கையில இருக்கற வரைக்கும் தொட மாட்டாங்க. தொட்டா அம்மன் சும்மா விடாது.

"எத்தினி மாசத்துக்குக் கட்டறது?"ன்னு பூசாரி கேட்டாரு.

"மூணு மாசம்னா சட்டுனு முடிஞ்சிடும் சாமி. ஒரு வருஷம்னா இப்பவே பயமா இருக்குது. பயத்துல கட்டுனா நிக்குமா? அதே சமயம் பயம் இல்லாம கட்டுனா..."

பின்னாடி வரிசை நீண்டு போச்சி. ஒரு பொம்பளை தன் புருஷன் கையை இறுக்கிப் புடிச்சிக்கினு, "யோவ், கட்டிக்கினு நகருயா, இவன் ஓடிடுவான்"னா. நான் மாமா கையை இழுத்து பூசாரி முன்னாடி நீட்டுனேன். "ஆறு மாசம். கட்டுங்க சாமி."

திரும்பி வர்ற பஸ்ஸுல மாமா சட்டைப் பையில இருந்து அந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பாத்துக்கினு இருந்தாரு.

"இப்ப எதுக்கு அது?"ன்னேன்.

"டாக்டரம்மா பத்து நாளைக்கு போடச் சொன்னாங்களே."

"கயிறு கட்டியாச்சில்ல? கயிறும் கட்டிக்கினு மாத்திரையும் முழுங்குனா அம்மனை நம்பலன்னு அர்த்தம். அப்புறம் கயிறு நிக்காது."

"கயிறும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டுமே. அம்மன் அதுக்கா கோவிச்சிக்கும்? பொறுமா, இன்னொரு பக்கமும்..."

நான் கத்திட்டேன். பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சி. "போதும் மாமா. இன்னொரு பக்கம் இன்னொரு பக்கம்னே என் அக்கா வாழ்க்கையை முடிச்சிட்டீங்க. வாழ்நாள்ல ஒரு தடவை, ஒரே ஒரு பக்கமா நில்லுங்க."

அவரு என்னைப் பாத்தாரு.  அப்புறம் அட்டையை அக்கா கையில குடுத்துட்டாரு. அவ வீட்டுக்குப் போயி அதை சாமி மாடத்துல குங்குமச் சிமிழுக்குப் பின்னாடி வச்சா. எடை போடாம அவரு ஒத்துக்கினது அது ஒண்ணுதான். எனக்கு அன்னிக்கு அவ்ளோ பெருமை. எங்க வீட்டுக்காரர் கிட்ட, "ஒரு அதட்டு அதட்டுனேன், அடங்கிட்டாரு"ன்னு சொல்லிக் காட்டுனேன்.

முதல் நாள் சரியாத்தான் இருந்தாரு. வேர்த்துக் கொட்டுச்சி, அவ்ளோதான். ரெண்டாவது நாள் சோறு எறங்கல. மூணாவது நாள் தறியில பாவு பிணைக்கணும். பாவுன்னா நீளவாக்குல ஓடற நூலு. பழைய பாவுல மிச்சம் இருக்கற இழையோட புதுப் பாவு இழையை ஒண்ணொண்ணா சேத்து, விரல்ல சாம்பல் தொட்டுத் திருகணும். ஆயிரக்கணக்குல இழை. அதுல மாமா கையை அடிச்சிக்க ஆளு கிடையாது. அன்னிக்கு பத்து இழை திருகுனா ஏழு அறுந்துச்சி. கை ஆடுது. ஒரு கையை இன்னொரு கையால புடிச்சிக்கினு பாத்தாரு. ரெண்டும் சேந்து ஆடுச்சி.

வேற பிணைக்கறவரைக் கூப்பிடப் போனேன். மாகறல்ல சாவு, போயிருக்காரு, வர நாலு நாள் ஆவும்னாங்க. இவரு கை இப்படியே ஆடுனா யாரு பிணைச்சா இன்னா, நெய்யறது யாரு? திரும்பி வந்து பாத்தா, மாமா பாவு மேல கையை வச்சித் தள்ளித் தள்ளி விட்டுக்கினு இருக்காரு.

"இன்னா மாமா பண்றீங்க?"

"எறும்புமா. நூல் பூரா எறும்பு ஊருது பாரு. பட்டைக் கடிச்சிடப் போவுது."

அங்க எறும்பே இல்ல. மாம்பழக் கலரு பட்டுதான் இருந்துச்சி. அக்கா இராட்டையை நிறுத்திட்டு என்னைப் பாத்தா. நான் காலண்டரைப் பாத்தேன். முகூர்த்தத்துக்கு இருபது நாள் இருந்துச்சி. நெய்யவே பதினஞ்சி நாள் வேணும்.

எங்களுக்கு மூணு அடி தள்ளி சாமி மாடத்துல மாத்திரை இருந்துச்சி. அதை எடுக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. சத்தியமா தோணல. எனக்குத் தெரிஞ்ச மருந்து ஒண்ணுதான். தலையில முந்தானையைப் போட்டுக்கினு கடைக்குப் போனேன். பட்டப்பகல், ஒரு மணி. அங்க நின்னவனுங்க எல்லாம் எனக்கு வழி விட்டானுங்க. "நகருங்கப்பா, அம்மா வாங்கிக்கினு போவட்டும்"னு ஒருத்தன் மரியாதையா சொன்னான். அந்த மரியாதை இன்னும் என் காதுல இருக்குது.

வீட்டுக்கு வந்து டீ குடிக்கற டம்ளர்ல ஊத்தி அவரு முன்னாடி வச்சேன். அவரு அதைப் பாக்கல. என்னைப் பாத்தாரு.

"யோசிச்சியாமா?"

"யோசிச்சேன்."

"ரெண்டு பக்கமும்?"

"குடிங்க மாமா. என் பொண்ணு கல்யாணம்."

கயித்தைக் காமிச்சாரு. அது கையில இருக்கறப்ப தொடக்கூடாதே. அவரே அவுக்கப் பாத்தாரு, விரல் நிக்கல. முடிச்சை நான்தான் அவுத்தேன். ஆறு மாசத்துக்குன்னு நான் கட்ட வச்ச கயித்தை மூணாவது நாள் என் கையாலயே அவுத்து என் முந்தானையில முடிஞ்சிக்கினேன். அவரு குடிச்சாரு. அரை மணி நேரத்துல எறும்பெல்லாம் போச்சி, கை நின்னுச்சி. அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள மொத்தப் பாவையும் பிணைச்சாரு. ஒரு இழை அறுந்திருக்கணுமே.

புடவை நாள் தப்பாம எறங்குச்சி. கல்யாண மண்டபத்துல பொம்பளைங்க என் பொண்ணு முந்தானையைத் தொட்டுத் தொட்டுப் பாத்தாங்க. "கோர்வைன்னா இதான்டி, சேத்த எடமே தெரியல"ன்னாங்க. மாமா கடைசி வரிசையில ஒரு நாற்காலியில உக்காந்திருந்தாரு. என் பொண்ணு போயி கால்ல விழுந்தப்ப, எழுந்துக்க முடியாம உக்காந்தபடியே தலையில கை வச்சாரு. நான் அந்தப் பக்கம் போவல.

கல்யாணம் முடிஞ்சி ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா ரத்த ரிப்போர்ட்டைப் பாத்துட்டு நிமிந்தா. "திரும்பக் குடிச்சிருக்கீங்க. மாத்திரை போட்டீங்களா இல்லையா?"

நான் பைக்குள்ள பழைய சீட்டைத் தேடற மாதிரி குனிஞ்சிக்கினேன். அக்கா தரையைப் பாத்துக்கினு நின்னா.

"ரெண்டு பக்கமும் யோசிச்சேன் மேடம்"னாரு மாமா. "மாத்திரை வேணாம்னு எனக்குத்தான் பட்டுது. மூணாவது நாள் நூல் பூரா எறும்பு ஊர்ற மாதிரி தெரிஞ்சிது, வாங்கிக் குடிச்சதும் நான்தான்."

"மாத்திரை போட்டிருந்தா நாலஞ்சி நாள்ல நடுக்கம் நின்னிருக்கும். அத்தோட விட்டிருப்பீங்க. அது எவ்ளோ நல்ல சான்ஸ் தெரியுமா? இதுல யோசிக்க இன்னா இருக்குது?" அவளுக்குக் கோவம். அப்புறம் கொஞ்சம் எறங்கி, "ஆனா எறும்பு தெரிஞ்சிதுன்னு சொல்றீங்களே, அந்த நிலைமையில மருந்தும் இல்லாம விட்டிருந்தா வலிப்பு வந்து அன்னிக்கே கூட போயிருப்பீங்க"ன்னா.

வெளிய வேப்பமரத்துக்கிட்ட அவரை நிறுத்திட்டேன். "யாரு உங்களைப் பொய் சொல்லச் சொன்னது? என்னைக் காப்பாத்தச் சொல்லி நான் கேட்டேனா?"

"உன் மேல தப்பு இல்லன்னு நான் சொல்லலமா"ன்னாரு. "இருக்குது. மாத்திரையை நிறுத்துனது தப்புதான். ஆனா..."

"சொல்லாதீங்க"ன்னேன். "அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதீங்க."

அவரு சொல்லல. ஆனா அன்னிக்கு சாயங்காலம் தாள்ல ஒரு கட்டத்தைப் பாத்தேன். ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல, கோட்டு மேலயே, பென்சிலால ஓரம் மட்டும் போட்டிருந்துச்சி. பச்சையும் அடிக்கல, அரக்கும் அடிக்கல. பக்கத்துல எழுத்தும் இல்ல. கிழவனுக்குக் கண்ணு போயி கோடு மாறிப் போச்சின்னு நெனச்சிக்கினேன். அதுக்கப்புறம் மூணு வருஷம் இருந்தாரு. அக்கா ரெண்டு தடவை திரும்ப கயிறு கட்டலாமான்னு கேட்டா. "யோசிப்போம்"னாரு. முன்ன மாதிரி நான் அதட்டல. அதட்ட எனக்கு இன்னா யோக்கியதை? அவரு பக்கத்துல உக்காந்து நாடா தள்ளுனேன். வயிறு ஊதிப் போயி குழியில எறங்க முடியாம போற வரைக்கும் தள்ளுனோம். அந்த மூணு வருஷத்துல தெருவுல யாருகிட்டயும், சரக்கு தலைக்கேறி இருந்தப்ப கூட, அந்த டம்ளரைப் பத்தி அவரு வாய் தொறக்கல. ஒரு தடவை உளறியிருந்தா நானும் பதிலுக்கு சண்டை போட்டு என் மனசைக் கழுவியிருப்பேன். அதுக்கும் எடம் குடுக்காம போயிட்டாரு. அதனாலதான் சொல்றேன், எனக்கு அவரைப் புடிக்காது.

போன வாரம் பொங்கலுக்கு வெள்ளையடிக்க அக்கா வீட்டுக்கு ஆளு வந்தாரு. சுவத்துல இருக்கறதெல்லாம் எடுக்கணும்னாரு. அக்கா காலண்டரைக் கழட்டுனா, சாமி படத்தைக் கழட்டுனா, அந்தத் தாளுக்கிட்ட வந்து நின்னுட்டா.

"கிழிச்சிப் போடுடி. இன்னும் எதுக்கு?"ன்னேன்.

"நடுவுல ஒரு கட்டம் காலியா இருக்குதே, அது இன்னான்னு ஒரு நாள் அவரைக் கேட்டேன்"னா அக்கா. "'அது உன் தங்கச்சி கட்டம். அவ குடுத்த டம்ளர் எந்தப் பக்கம்னு எனக்கு ரொம்ப நாளா தெரியல. அவளே போட்டுக்கட்டும்'னாரு. நீ கோவப்படுவேன்னு நான் சொல்லல."

பென்சில் ரெண்டும் ஆணியில கட்டித் தொங்கிக்கினுதான் இருந்துச்சி. வீம்புக்கு எடுத்தேன். ஒரு நிமிஷத்து வேலை, இதுல யோசிக்க இன்னா இருக்குதுன்னு எடுத்தேன். நான் குடுத்ததாலதான் அந்த ஒரு சான்ஸ் போச்சி, மனுஷன் அப்புறம் விடவே இல்ல. அரக்குதான். அரக்கை வச்சேன். குடுக்காம இருந்திருந்தா அன்னிக்கே தறியில விழுந்து போயிருப்பாரு, அக்காவுக்கு மூணு வருஷம் கூட இருந்திருக்காது. பச்சையை எடுத்தேன். மாத்திரை மூணு அடி தள்ளி இருந்துச்சி. திரும்ப அரக்கு. என் பொண்ணு கட்டியிருந்த அந்தப் புடவை.

வெள்ளையடிக்கறவரு சுண்ணாம்பு வாளியோட பின்னாடி வந்து நின்னாரு. "இன்னாமா, நேரம் ஆவுது. இதைக் கிழிச்சிடவா?"

ரெண்டு கையிலயும் ரெண்டு பென்சிலை வச்சிக்கினு நான் திரும்பிக் கூட பாக்கல.

"பொறுப்பா"ன்னேன். "இன்னொரு பக்கமும் இருக்குது."